மத்தியான வெயிலும் கவுதாரியும்: கரிசக்காட்டில் வேட்டை பழகின கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு பறவையில ஆரம்பிச்சு இன்னொரு பறவையில முடிக்கப் போறோம். நடுவுல ஒரு போர், நாலஞ்சு சட்டம், அப்புறம் எங்க தாத்தா.

யூடியூப்ல அமெரிக்க வேட்டை வீடியோ பார்த்திருக்கீங்களா? அப்பாவோ மாமாவோ ஒரு பன்னிரண்டு வயசுப் பையனைக் கூட்டிட்டுக் காட்டுக்குப் போவாங்க. மரத்துல சாய்ஞ்சு உட்காருவாங்க. பெட்டை வான்கோழி மாதிரி ஒரு சத்தம் கொடுப்பாங்க. தூரத்துல இருந்து சேவல் பதில் சொல்லும். பையனுக்குக் கை நடுங்கும். அங்க காட்டு வான்கோழி வேட்டைங்கிறது பெரிய பண்பாடு. பசங்களுக்குன்னே தனி வேட்டை நாட்கள் பல மாநிலங்கள்ல உண்டு. சில மாநிலங்கள்ல வசந்த காலத்துல மத்தியானம் ஆனா வேட்டையை நிறுத்தணும்னு விதி இருக்கு. அதனால 'மத்தியானத்துல வேட்டைக்குப் போலாமா'ங்கிறது அங்க ஒரு நிஜமான விவாதம்.

அதைப் பார்த்தப்போ எனக்கு ஒரு கேள்வி வந்தது. நம்ம ஊர்ல பசங்க எப்படி வேட்டை பழகினாங்க? யார் சொல்லிக் கொடுத்தா? அந்தப் பழக்கம் எங்க போச்சு?

வான்கோழி நம்ம ஊர்ப் பறவை இல்ல

முதல்ல வான்கோழி கணக்கை முடிச்சிடுவோம். அது அமெரிக்கக் கண்டத்துப் பறவை. ஐரோப்பியர்கள் கப்பலேறி அங்க போன பிறகுதான் மத்த நாடுகளுக்கு வந்தது. 1612-ல முகரப் கான் கோவாவுக்குப் போய், போர்த்துகீசியர்கள்கிட்ட இருந்து வாங்கின அபூர்வ விலங்குகளோட ஜஹாங்கீர் அரசவைக்கு வந்தார். அதுல ஒரு வான்கோழியும் இருந்தது. பேரரசர் அதைப் பார்த்து அசந்து போனார். மயிலைவிடச் சின்னது, பெண் மயிலைவிடப் பெருசு, தலையும் கழுத்தும் பச்சோந்தி மாதிரி நிறம் மாறுதுன்னு தன் நினைவுக் குறிப்புல எழுதி வெச்சார். ஓவியர் மன்சூரைக் கூப்பிட்டு வரையவும் சொன்னார். அந்த ஓவியம் இன்னைக்கு லண்டன்ல இருக்கு.

உடனே நீங்க கேட்பீங்க, மூதுரையில வான்கோழி வருதேன்னு. நல்ல கேள்வி. ரெண்டுல ஒண்ணு நடந்திருக்கணும். அந்தப் பேர் முன்னாடி வேற ஏதோ பறவைக்கு இருந்திருக்கும். இல்லேன்னா அந்தப் பாட்டு நாம நினைக்கிறதைவிடப் பிந்தினதா இருக்கும்.

ஆக, காட்டு வான்கோழி இங்க கிடையாது. அந்த இடத்துல நமக்கு இருக்கிறது கவுதாரி.

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே

மேப்பை எடுத்துக்கோங்க. மதுரையில இருந்து தெற்க வந்தா அருப்புக்கோட்டை. நெசவும் மல்லிகைப்பூவும் உள்ள ஊர். அங்க இருந்து கிழக்க கொஞ்சம் போனா குண்டாற்றங்கரையில திருச்சுழி. இன்னைக்கு விருதுநகர் மாவட்டம். 1985-க்கு முன்னாடி இதெல்லாம் ராமநாதபுரம் மாவட்டம். அதுக்கும் முன்னாடி திருச்சுழி வட்டாரம் ராமநாதபுரம் ஜமீனோட பகுதி.

இது கரிசல் மண். வடகிழக்குப் பருவமழை பெஞ்சா உண்டு, இல்லேன்னா இல்ல. கண்மாய்ல தண்ணி இருந்தா நெல்லு. மத்த இடத்துல கம்பு, சோளம், பருத்தி, உளுந்து, மல்லி. காட்டு ஓரத்துல உடைமரம், இலந்தை, இப்போ எங்க பார்த்தாலும் சீமைக்கருவேலம். வெயில் காலத்துல மண்ணு வெடிச்சுக் கிடக்கும், கால் விரல் உள்ள போற அளவுக்கு.

அடர்ந்த காடு இல்லாத ஊர் இது. ஆனா கவுதாரிக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. அதோட அறிவியல் பேர்லயே பாண்டிச்சேரி இருக்கு. 'பாண்டிச்சேரியைச் சேர்ந்தது'ங்கிற அர்த்தத்துல 1789-ல வெச்ச பேர் அது. முழுக்க முழுக்க வறண்ட நிலத்துப் பறவை. விதை, தானியம், கரையான், வண்டு இதெல்லாம் சாப்பாடு. தரையில ஒரு சின்னப் பள்ளம் பறிச்சு முட்டை போடும். ராத்திரி முள்மரத்துல தாழ்ந்த கிளையில கூட்டமா அடையும். ஆளைப் பார்த்தா முதல்ல பறக்காது, ஓடும். ரொம்ப நெருங்கினாத்தான் படபடன்னு எழுந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடி புதருக்குள்ள இறங்கிடும்.

காலையிலயும் சாயங்காலமும்தான் கவுதாரி கத்தும். அந்தச் சத்தத்தை வெச்சு எந்தப் பக்கம் இருக்குன்னு கண்டுபிடிக்கலாம். உச்சி வெயில்ல அது சத்தமே போடாது. புதர் நிழல்ல புழுதி குளிச்சுட்டுப் படுத்திருக்கும்.

அப்போ மத்தியானத்துல எப்படிப் பிடிக்கிறது? இங்கதான் தாத்தா வர்றார்.

ஆடு மேய்ச்ச பசங்களோட பள்ளிக்கூடம்

எங்க தாத்தா ஊரு திருச்சுழிப் பக்கம். சின்ன வயசுல ஆடு மேய்ச்சவர். காலையில ஆட்டைப் பத்திட்டுப் போனா சாயங்காலம்தான் வீடு. மத்தியானம் ஆடெல்லாம் மர நிழல்ல ஒதுங்கிடும். பசங்களுக்கு ஒரு ரெண்டு மணி நேரம் சும்மா கிடைக்கும். அதுதான் வேட்டை பழகுற நேரம்.

அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவரோட பெரியப்பா. முதல் நாள் கையில ஒண்ணுமே கொடுக்கலையாம். 'போயி தடம் பாருடா'ன்னு அனுப்பினாராம். புழுதியில கவுதாரி கால்தடம் எப்படி இருக்கும், எந்தப் புதருக்குள்ள போகுது, எந்தப் பக்கமா வெளிய வருது, புழுதி குளிச்ச பள்ளம் புதுசா பழசா, எச்சம் காய்ஞ்சிருக்கா ஈரமா இருக்கா. இதைப் பார்க்கவே பல நாள் ஆச்சாம். அதாவது, பறவை சத்தம் போடாத மத்தியானத்துல நீங்க காதை நம்ப முடியாது, கண்ணை மட்டும்தான் நம்பணும். அதனாலதான் அது நல்ல பாடம்.

அப்புறம்தான் கண்ணி. குதிரைவால் மயிரை முறுக்கி, சுருக்குப் போட்டு, குச்சியில கட்டி, பறவை போற ஒத்தையடித் தடத்துல நடுறது. கொஞ்சம் கைதேர்ந்தவங்க பழக்கின கவுதாரியைக் கூண்டுல வெச்சுக் காட்டுக்குக் கொண்டு போவாங்க. அது கத்தினா, 'யார்றா என் எல்லையில'ன்னு காட்டுக் கவுதாரி சண்டைக்கு வரும், சுத்தி வெச்ச கண்ணியில மாட்டும். சின்னப் பசங்க கையில கவட்டை. அது ரப்பர் வந்த பிறகு வந்தது. அதுக்கு முன்னாடி கவண்.

சில கட்டுப்பாடும் இருந்திருக்கு. முட்டை இருக்கிற இடத்துல கண்ணி வைக்கக் கூடாது. குஞ்சோட போற பறவையைத் தொடக் கூடாது. தாத்தா ஒரு தடவை அந்த ரெண்டாவதை மீறிட்டார். கண்ணியில மாட்டினது தாய். கழுத்தைத் திருகின பிறகுதான் புதருக்குள்ள குஞ்சுங்க கத்துறது கேட்டிருக்கு. அவரோட பெரியப்பா அடிக்கல, திட்டல. 'அதுங்க அடங்குற வரைக்கும் இங்கயே உட்காரு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். இதை என்கிட்ட சொல்லும்போது தாத்தாவுக்கு எழுபது வயசுக்கு மேல. அப்பவும் அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்திட்டுத்தான் மேல சொன்னார்.

நான் இதைச் சொல்றது வேட்டையைப் புனிதமாக்க இல்ல. அந்த மண்ணுல ஒரு பையனுக்கு வேட்டை சொல்லித் தர்றதுங்கிறது, எப்போ கையை எடுக்கணும்னு சொல்லித் தர்றதும்தான்.

ரெண்டாயிரம் வருஷத்துப் பழக்கம்

இது தாத்தா காலத்துல ஆரம்பிச்சது இல்ல. பத்துப்பாட்டுல பெரும்பாணாற்றுப்படைன்னு ஒண்ணு இருக்கு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினது. அதுல வறண்ட நிலத்துல வாழ்ற எயினர்களோட வேட்டை வருது. ராத்திரின்னா நீர்நிலைக்குப் பக்கத்துல குழி வெட்டி மறைஞ்சிருந்து பன்றிக்குக் காத்திருப்பாங்க. பகல்னா நாய்களோட போய், புதரைச் சுத்தி வேலி மாதிரி வலை கட்டி, முயலைப் பிடிப்பாங்க. அவங்க வீட்டு முத்தத்துல விளாமர நிழல்ல ஒரு மான் கட்டிக் கிடக்கும். அதுக்குப் பேர் 'பார்வை'. காட்டு மானை ஏமாத்தி வரவழைக்கப் பழக்கின மான். தாத்தா காலத்துக் கூண்டுக் கவுதாரி செஞ்ச வேலையை அன்னைக்கு இந்த மான் செஞ்சிருக்கு. கவுதாரிக்கும் சங்கப் பாட்டுல பேர் உண்டு: சிவல்.

1795: ஒரு வெள்ளைக்காரப் பையன் பழகின வளரி

இந்தக் கதையில வேட்டை ஆயுதம் பழகின ஒருத்தரைப் பத்தி எழுத்துப் பதிவே இருக்கு. அவர் நம்ம ஊர்க்காரர் இல்ல. பேர் ஜேம்ஸ் வெல்ஷ். கிழக்கிந்தியக் கம்பெனியோட சென்னைப் படையில இளம் அதிகாரி. 1795-ல மதுரைப் பக்கம் இருந்தப்போ அவருக்கு இருபது வயசு இருக்கும். அப்போ சிவகங்கைச் சீமையை ஆண்டுட்டிருந்த சின்ன மருதுவோட அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதல்ல சொல்லிக் கொடுத்தவர் சின்ன மருதுதான்னு, 1830-ல வெளிவந்த தன்னோட ராணுவ நினைவுக் குறிப்புல வெல்ஷ் எழுதியிருக்கார்.

வளரின்னா வளைஞ்ச எறிதடி. மரத்துலயும் உண்டு, இரும்புலயும் உண்டு, தந்தத்துலயும் உண்டு. முயலையும் மானையும் அடிக்கிற ஆயுதம்; போர்லயும் வீசியிருக்காங்க. கைதேர்ந்தவர் வீசினா நூறு கஜ தூரத்துக்குள்ள குறி தப்பாதுன்னு வெல்ஷ் வியக்கிறார்.

இப்போ அடுத்த ஆறு வருஷத்தைப் பாருங்க. 1801-ல மருது சகோதரர்கள் கம்பெனிக்கு எதிராப் போர்ல இறங்கினாங்க. அவங்களைக் காட்டுல தேடித் துரத்தின படையில வெல்ஷும் இருந்தார். தனக்கு வளரி பழக்கின மனுஷனை ஒரு காட்டு மிருகம் மாதிரி துரத்த வேண்டி வந்துச்சேன்னும், தொடை எலும்பு உடைஞ்ச நிலையில அவரைச் சிறையில பார்த்ததையும் வருத்தத்தோட பதிவு பண்ணியிருக்கார். 1801 அக்டோபர் 24-ல திருப்பத்தூர்ல மருது சகோதரர்களைத் தூக்குல போட்டாங்க. அங்க யாரும் குழம்பிக்காதீங்க, இது சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்.

அதே வருஷம் டிசம்பர்ல சென்னை அரசாங்கம் ஒரு பிரகடனம் போட்டது. தெற்கத்திச் சீமையில மக்கள் கையில ஆயுதம் இருக்கக் கூடாது. வளரி மெல்ல மெல்லக் காணாமப் போச்சு. இன்னைக்கு அதைப் பார்க்கணும்னா எழும்பூர் மியூசியத்துக்குப் போகணும்.

யாருக்கு வேட்டை, யாருக்குத் திருட்டு

அடுத்தது 1878. ஆயுதச் சட்டம். துப்பாக்கி வெச்சுக்க இந்தியர்களுக்கு லைசென்ஸ் வேணும், ஐரோப்பியர்களுக்கு வேண்டாம். அதுக்கு அடுத்த வருஷம், 1879-ல ஒரு புத்தகத்தோட முதல் பாகம் வருது. இந்தியா, பர்மா, இலங்கையோட வேட்டைப் பறவைகளைப் பத்தினது. எழுதினவங்க ஹியூமும் மார்ஷலும். ஆமா, 1885-ல காங்கிரஸைத் தொடங்கின அதே ஆலன் ஆக்டேவியன் ஹியூம்தான். கவுதாரி அங்க ஒரு 'கேம் பேர்ட்', அதாவது துரைமார் சுடுற பறவை. அதே 1879 டிசம்பர்லதான் திருச்சுழியில ரமணர் பிறந்தார். ஊர் அப்போ எந்தக் காலத்துல இருந்ததுன்னு மனசுல வாங்கிக்கத்தான் இதைச் சொல்றேன்.

1887-ல முதல் பறவைப் பாதுகாப்புச் சட்டம். 1912-ல அதைவிட விரிவான ஒண்ணு. அந்த அட்டவணையில மயில், காடை, புறா, வாத்தோட கவுதாரியும் இருந்தது. முட்டை போடுற பருவத்துல வேட்டையைத் தடை பண்ண மாகாண அரசுக்கு அதிகாரம் வந்தது. கவனிச்சீங்களா? தாத்தாவோட பெரியப்பா வாய்மொழியாச் சொன்ன அதே கட்டுப்பாடு, இங்க சட்டமா வருது.

ஆனா அதே சமயத்துல இன்னொரு சட்டமும் இந்தப் பக்கம் வந்தது. 1911-ல குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கினாங்க. நம்ம ஊர்க்காரங்க கைரேகைச் சட்டம்னு சொல்வாங்க. பிறந்த சாதியை வெச்சே ஒருத்தரைப் பதிவு பண்ணி, ரேகை எடுத்து, எங்க போறான் வர்றான்னு கண்காணிக்கிறது. இன்னைக்குத் தமிழ்நாட்டுச் சீர்மரபினர் பட்டியலைப் பார்த்தா மறவர், வலையர்னு பல பேர் வரும். வலையர்ங்கிற பேர்லயே வலை இருக்கு. வலை கட்டிப் பிடிக்கிறது அவங்களோட பழைய தொழில்கள்ல ஒண்ணு.

ஒரே காடு, ஒரே பறவை. துப்பாக்கியோட ஒருத்தர் போனா அவர் 'ஸ்போர்ட்ஸ்மேன்', வலையோட இன்னொருத்தர் போனா அவர் மேல சந்தேகம். சென்னை மாகாணத்துல அந்தச் சட்டம் ஒழிய 1947 வரைக்கும் ஆச்சு.

1972-ம் 1991-ம்

சுதந்திரத்துக்குப் பிறகு ஜமீன் போச்சு. துப்பாக்கி கொஞ்சம் பரவலாச்சு, ஜீப் வந்தது, ராத்திரியில லைட் அடிச்சுச் சுடுற வழக்கம் வந்தது. நாடு முழுக்க விலங்குகள் வேகமாக் குறைஞ்சது. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கவுதாரி நாலாவது அட்டவணையில இடம்பிடிச்சது.

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம்: 1972-லயே எல்லா வேட்டையும் நிக்கல. லைசென்ஸ் வாங்கினா சில சின்ன விலங்கு, பறவைகளை வேட்டையாட அந்தச் சட்டத்துலயே வழி இருந்தது. 1991-ல கொண்டு வந்த திருத்தம்தான் அந்தக் கதவை மூடினது. இன்னைக்கு கவுதாரிக்குக் கண்ணி வைக்கிறது ஜெயில் வரைக்கும் போகிற குற்றம். சாலையோரக் கடையில நீங்க பரோட்டாவோட சாப்பிடுற காடை, பண்ணையில வளர்ற ஜப்பானியக் காடை. காட்டுக் காடை இல்ல.

தடை சரியா? பறவை பக்கம் நின்னு பார்த்தா, எனக்குச் சந்தேகமே இல்ல, சரிதான். பொங்கல் முடிஞ்சு ஊரே கூடி நாய்களோட முயல் வேட்டைக்குப் போற பழக்கத்தை இன்னைக்கும் வனத்துறை தடுக்க வேண்டியிருக்கு. அதை வேடிக்கைன்னு விட்டுட முடியாது.

ஆனா தடையோட விலையை யார் கொடுத்தாங்கங்கிறது வேற கேள்வி. எங்க தாத்தா மாதிரி ஆளுங்களுக்கு அது வாரத்துல ஒரு நாள் கறி. அவ்வளவுதான், விட்டுட்டாங்க. நரிக்குறவர்களுக்கு அது வாழ்க்கை. கவுதாரி, காடை, முயல், நரி எல்லாத்தோட நடத்தையும் அவங்களுக்கு அத்துப்படி. அந்த அறிவைத்தான் அப்பாவும் அம்மாவும் பிள்ளைக்குச் சொத்தாக் கொடுத்தாங்க. சட்டம் வந்த அன்னைக்கு அந்தச் சொத்து ஒரு குற்றமா மாறிடுச்சு. கைக்கு வந்தது ஊசியும் பாசியும். பஸ் ஸ்டாண்டுல பாசிமணி விக்கிறவங்களை நாம பார்க்கிறோம். அவங்க முந்தின தலைமுறை காட்டுல என்ன படிச்சதுன்னு நாம கேட்டதே இல்ல. அவங்களைப் பழங்குடியினர் பட்டியல்ல சேர்க்கிற மசோதா நாடாளுமன்றத்துல நிறைவேற 2022 டிசம்பர் வரைக்கும் ஆச்சு. 1972-ல இருந்து எண்ணினா சரியா ஐம்பது வருஷம்.

அமெரிக்கா வேற வழியில போச்சு

இப்போ அந்த வான்கோழி வீடியோவுக்குத் திரும்புவோம். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல அங்கயும் காட்டு வான்கோழி அழியுற நிலைக்கு வந்தது. கட்டுப்பாடில்லாத வேட்டை ஒரு காரணம், காடழிப்பு இன்னொண்ணு. 1937-ல ஒரு சட்டம் போட்டாங்க: துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடுற வரி, வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகணும். 1950-கள்ல வலையைப் பீரங்கி மாதிரி வெடிக்க வெச்சுக் காட்டு வான்கோழிகளை உயிரோட பிடிச்சு, அது அழிஞ்சு போன மாநிலங்களுக்குக் கொண்டு போய் விட்டாங்க. இன்னைக்கு அங்க பல லட்சம் வான்கோழி இருக்கு. அந்தப் பன்னிரண்டு வயசுப் பையன் மத்தியானத்துல போகலாமா வேண்டாமான்னு விவாதம் நடக்குதுன்னா, அதுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு.

அதை அப்படியே இங்க கொண்டு வரணும்னு நான் சொல்லல. நம்ம ஜனத்தொகைக்கும் நிலத்துக்கும் அது ஒத்து வராது. ஆனா ஒண்ணு: அங்க வேட்டைக்காரனைப் பாதுகாப்புக்குள்ள இழுத்தாங்க, இங்க வெளிய நிறுத்தினோம். தடை போடுறப்போவே 'உங்களுக்குத் தடம் பார்க்கத் தெரியும், வாங்க, எண்ணிச் சொல்லுங்க'ன்னு ஒரு வேலை கொடுத்திருக்கலாம் இல்லையா?

சிட்டுக்குருவியைச் சுட்ட சிறுவன்

அப்படி ஒரு மாற்றம் ஒருத்தர் வாழ்க்கையில நடந்திருக்கு. மும்பையில ஒரு சின்னப் பையன், ஏர்கன் வெச்சுக் குருவி சுடுறவன். ஒரு நாள் சுட்ட சிட்டுக்குருவிக்குத் தொண்டையில மஞ்சள் திட்டு. இதைச் சாப்பிடலாமான்னு மாமாகிட்ட கேட்டான். மாமா பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வெச்சார். அங்க செயலாளரா இருந்த மில்லர்டுங்கிறவர் திட்டாம, கழகத்துல சேகரிச்சு வெச்சிருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். அந்தப் பையன்தான் சாலிம் அலி. இந்தியாவுல பறவை பார்க்கிறதைக் கத்துக் கொடுத்த மனுஷன். தன் சுயசரிதைக்கு அவர் வெச்ச பேர்லயே அந்தக் குருவி இருக்கு.

அவனுக்கு ஒரு மாமாவும் ஒரு மில்லர்டும் கிடைச்சாங்க. கரிசக்காட்டுப் பசங்களுக்கும் நரிக்குறவர் பிள்ளைங்களுக்கும் அப்படி யாரும் கதவைத் திறக்கல.

இப்போ சின்னதா ஒரு கதவு திறந்திருக்கு. 2015-ல இருந்து தமிழ்நாட்டுல பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. பொங்கல் விடுமுறை நாலு நாளும் யார் வேணும்னாலும், எங்க வேணும்னாலும் ஒரு பதினஞ்சு நிமிஷமாவது நின்னு, பார்த்த பறவையை எண்ணிப் பதிவு பண்ணலாம். முயல் வேட்டைக்குப் போற அதே பொங்கல், கையில பைனாகுலர். கண்ணாடி இல்லேன்னாலும் பரவாயில்ல.

போன பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். தாத்தா இல்ல இப்போ. மத்தியானம் கண்மாய்க்கரை தாண்டி நடந்தேன். ஒரு மணி நேரம் ஒண்ணும் தெரியல. வெறும் வெயில். திரும்பிடலாம்னு நினைச்சப்போ, கூட வந்த பக்கத்து வீட்டுப் பையன் என் சட்டையைப் பிடிச்சு இழுத்தான். 'அண்ணே, தடம்.' புழுதியில மூணு விரல் கோடு, ஒரு கருவேலம் புதருக்குள்ள போகுது. பக்கத்துல புதுசாப் பறிச்ச பள்ளம். பையனுக்கு வயசு பதினொண்ணு. யார்றா சொல்லிக் கொடுத்தான்னு கேட்டேன். 'எங்க தாத்தா'ன்னான்.

நாங்க கிட்டப் போகல. அப்படியே உட்கார்ந்தோம். ரொம்ப நேரம் கழிச்சு நாலு கவுதாரி வெளிய வந்து, எங்களைப் பார்த்து, ஓடிப் போச்சு. பையன் போன்ல 'நாலு'ன்னு போட்டான்.

உங்க வீட்டுலயும் இப்படித் தடம் பார்க்கத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கலாம். இந்த வாரம் போன் பண்ணி, ஒரு தடவை கேளுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.